கையால் சொன்னது

ஜனவரி 2

நூல் கடையில் வருஷா வருஷம் டைரி கொடுப்பார்கள். போன வருஷத்து டைரி பீரோ ஆடாமல் இருக்க அதன் காலடியில் போனது. இந்த வருஷத்து டைரியை நான் எடுத்துக்கொண்டேன். பத்தாவது வரை படித்த கை, எழுத்து இன்னும் மறக்கவில்லை.

எழுதக் காரணம், பேச ஆளில்லை. ஆள் இருக்கிறார்கள், எனக்குத்தான் காது இல்லை. இடது காது சுத்தம். வலது காதில் வாயை வைத்துக் கத்தினால் கொஞ்சம் கேட்கும். யார் கத்துகிறார்கள்? ஒரு தடவை சொல்வார்கள், இன்னொரு தடவை சொல்வார்கள், அப்புறம் "ஒன்னுமில்ல, உடு" என்பார்கள். அந்த "ஒன்னுமில்ல, உடு" மட்டும் உதட்டைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும்.

பட்டறைக்குள் போய்விட்டால் கவலையில்லை. அங்கே காது கேட்கிறவளும் கேட்காதவளும் ஒன்றுதான். அத்தனை விசைத்தறியும் சேர்ந்து ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவள் செத்துப் போனாலும் சத்தம் வராது. எல்லாம் கையும் கண்ணும்தான். இரண்டு விரலைச் சேர்த்துப் பிரித்தால் இழை அறுந்துவிட்டது. மேலுதட்டில் விரலை இழுத்தால் முதலாளி வருகிறார், மீசை அவருக்குத்தான். உள்ளங்கையை நெஞ்சில் வைத்தால் டீ. மூக்குத்தியைத் தொட்டுத் திசை காட்டினால் அந்தப் பக்கத்துப் பொம்பளையைப் பற்றி ஏதோ வம்பு. வம்புக்குத்தான் எங்களிடம் நிறைய ஜாடை இருக்கிறது.

ஆவணியில் என் மகன் லோகுவுக்குக் கல்யாணம் செய்தேன். மருமகள் தாரணிக்குச் சங்ககிரிப் பக்கம், தறியே பார்க்காத ஊர். பள்ளிபாளையத்தில் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற பொம்பளை கிடையாது என்று சொல்லி அவளைக் கூட்டிப் போய் எனக்கு எதிர்த்தறியில் நிறுத்தினேன். சீக்கிரமே ஜாடை பிடித்துக்கொண்டாள். என்னை விட அழகாகப் பேசுகிறாள், அவளுக்கு விரல் நீளம். முதலாளி மீசையைக் காட்டும்போது கடைசியில் கொஞ்சம் முறுக்கியும் விடுவாள். பட்டறையே சிரிக்கும்.

லோகு மினி வேன் ஓட்டுகிறான். பட்டறை பட்டறையாக நூல் மூட்டை இறக்குவது அவன் வேலை. குடிக்க மாட்டான். பீடி சிகரெட் கிடையாது. எங்கள் லைன் வீடுகளில் அவனைப் போலப் பிள்ளை வேண்டும் என்று சொல்லாதவர் இல்லை. இதையும் எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 5

சாயந்தரம் பாத்திரம் விழுந்தது. சத்தம் எனக்குக் கேட்காது, தரை அதிர்ந்தால் காலில் தெரியும். நிறையப் பாத்திரம்.

ஜனவரி 6

தாரணி தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்தாள். குளிர் என்று கையால் காட்டினாள். மார்கழிக் குளிர் இந்த வருஷம் கொஞ்சம் அதிகம்தான். முருங்கைக்கீரை ஆய்ந்து வைத்தேன். இட்லிக்கு ஊறப் போட்டேன்.

ஜனவரி 9

இன்று பட்டறையில் ஒரு உயிர் தப்பியது. கோமதியின் துப்பட்டா பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. கழுத்தோடு சுற்றி இழுத்து, அவள் முகம் தறியில் போய் இடித்து, மூக்கிலும் வாயிலும் ரத்தம். கத்தினாளாம், யாருக்குக் கேட்கிறது. நல்லவேளை, ஒரு கையை விரித்து மேலே தூக்கிவிட்டாள்.

விரித்த கை மேலே போனால், பார்த்தவள் உடனே தன் தறியை நிறுத்தித் தன் கையையும் தூக்க வேண்டும். அதைப் பார்த்தவள் அடுத்து நிறுத்துவாள். கண்ணிமைக்கிற நேரத்தில் மொத்தப் பட்டறையும் நின்றுவிடும். யார், எதற்கு என்று கேட்கக் கூடாது. முதலில் தூக்கியவள் இறக்கும்வரை முதலாளியே வந்தாலும் ஓட்டக் கூடாது. இது யாரும் எழுதி ஒட்டின சட்டமில்லை. விரல் போனவர்கள், தலைமுடியோடு தோல் போனவர்கள் என்று பார்த்துப் பார்த்து வந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. பட்டறைக்குள் கையால் சொன்னதை வெளியே போய் வாயால் சொல்லக் கூடாது. கையால் ரகசியம் பேச முடியாது அல்லவா, நாலு தறி தள்ளி நிற்கிறவளும் படித்துவிடுவாள். அதனால் இப்படி ஒரு கட்டுப்பாடு. ஒருத்தி புருஷனைப் பற்றி, மாமியாரைப் பற்றி, கடன்காரனைப் பற்றி என்ன சொன்னாலும் அது வாசலோடு சரி. மீறியவளுடன் யாரும் ஜாடை பேச மாட்டார்கள். அப்புறம் அவள் அத்தனை பேருக்கு நடுவில் ஊமை, செவிடு, குருடு எல்லாம்தான்.

கோமதிக்கு மூன்று தையல். நாளை வந்துவிடுவாள்.

ஜனவரி 11

எந்த வீட்டிலும் ஆம்பிளைக்குக் கோபம் வரும். வராதவன் யார்? லோகுவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டான். அதுதான் அவனிடம். வண்டியை நேராக நிறுத்துவான், செருப்பை ஜோடியாக விடுவான், முகம் கழுவித் துடைப்பான். அப்புறம் கை வாட்சைக் கழற்றி டிவி பக்கத்தில் வைப்பான். வாட்ச் உடைந்துவிடக் கூடாது பாருங்கள், ஜாக்கிரதையான பிள்ளை. இவன் அப்பாவுக்கு வேட்டியை மடித்துக் கட்டுவது. அந்த மனுஷன் போய்ச் சேர்ந்தார், வேட்டி மடிப்பு மட்டும் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

இன்று அவன் வாட்சில் கை வைத்ததும் நான் அடுப்படியில் இருந்த தாரணியைப் பார்த்து என் மணிக்கட்டைத் தொட்டேன். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. அவள் சட்டென்று குடத்தை எடுத்துக்கொண்டு பொதுக் குழாய்க்குப் போய்விட்டாள். திரும்பி வர நேரமானது. அதற்குள் அவன் சாப்பிட்டுப் படுத்துவிட்டான்.

ஜனவரி 12

மணிக்கட்டு. குடம். தப்பித்தோம்.

ஜனவரி 16

பொங்கல் சீரோடு தாரணியின் அண்ணன் மோகன்ராசு வந்தான். கரும்பு, வெல்லம், பச்சரிசி, தங்கச்சிக்கு ஒரு மாம்பழ நிறச் சேலை. லோகு வாசலுக்கே போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தான். "வாங்க மச்சான், இன்னிக்கு இருந்து ராத்திரிக்குக் கறி தின்னுட்டுத்தான் போகோணும்" என்றான். இதெல்லாம் உதட்டில் படித்தது.

தாரணி காபி கொண்டு வந்தாள். டம்ளரை அண்ணனிடம் இடது கையால் நீட்டினாள். அவன் முகம் சுண்டிவிட்டது. வலது கை சேலைக்குள் இருந்தது. மணிக்கட்டு வீங்கியிருந்தது எனக்குத் தெரியும், முந்தின நாள் லோகு முறுக்கியதில். குடத்தைச் சாக்காக எடுத்துக்கொண்டு போக முடியாத நாள் அது, வீட்டில் தண்ணீர் நிறைந்திருந்தது.

"ஏம்புள்ள, பீச்சாங்கையிலயா குடுக்கறது? அஞ்சு மாசத்துல இதெல்லாம் மறந்துருச்சா?" என்றான் அண்ணன்.

அவள் கையை மாற்றவில்லை. அப்படியே நீட்டிக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தாள். நாலு வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவனாம். அவள் இடது கை சொன்னது அவனைத் தவிர அந்த அறையில் எல்லோருக்கும் புரிந்தது. அவன் டம்ளரை வாங்காமல் என்னைப் பார்த்து, "மன்னிச்சுக்குங்க அத்தை, வளத்தது சரியில்லைன்னு நெனைச்சுக்காதீங்க" என்றான்.

நான் என்ன செய்தேன்? "விருந்தாளிக்கு இப்படியா குடுப்பாங்க அம்முணி" என்று அவளைக் கடிந்து, டம்ளரைப் பிடுங்கி நானே வலது கையால் கொடுத்தேன். லோகு சிரித்தான். மச்சானும் சிரித்தான். காபியில் சர்க்கரை கம்மி.

ஜனவரி 22

பள்ளிக்கூடத்தில் இலவசக் காது முகாம். ருக்குமணி போகச் சொன்னாள். ருக்குமணி எனக்குப் பக்கத்துத் தறி, வீடும் பக்கத்து வீடு, எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பவள், நல்லவள். தாரணியைத் துணைக்குக் கூட்டிப் போனேன்.

டாக்டர் இளவட்டம். வலது காதைப் பார்த்துவிட்டு "தறிங்களா" என்றார். தலையாட்டினேன். இடது காதுக்குள் விளக்கடித்து ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் தாரணியிடம் பேசினார். அவள் எனக்கு ஜாடையில் சொல்ல வேண்டும். முதலில் தறி மாதிரி கையை முன்னும் பின்னும் ஆட்டி, இல்லை என்று விரலை அசைத்தாள். அடுத்து என்ன காட்டுவது என்று தெரியாமல் நின்றாள். பிறகு உள்ளங்கையைத் தன் கன்னத்தருகே கொண்டு போய் நிறுத்தி, புருவத்தைத் தூக்கினாள்.

"நாடா பறந்து அடிச்சுதுங்க" என்றேன் டாக்டரிடம். தறியில் குறுக்கே நூலை இழுத்து ஓடும் நாடாக் கட்டை தெறித்து வருவது நடப்பதுதான். அதில் கண் போனவள் எங்கள் தெருவிலேயே இருக்கிறாள். டாக்டர் எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தாரணி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தவள் திரும்பி, இடுப்பில் வேட்டியை மடித்துக் கட்டுவது போலக் காட்டினாள். அவள் மாமனாரைக் கண்ணால் பார்த்ததில்லை. வேட்டி விஷயம் நான் எப்போதாவது உளறியிருப்பேன். நான் தலையைக் குனிந்தேன். அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஆயுசுக்கும் யாரிடமும் சொல்லாததை அப்படித்தான் சொன்னேன்.

ஜனவரி 27

தாரணி இன்று தறிக்கு மேலாகக் கையால் எல்லாம் சொன்னாள். நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள். இழை பிணைத்துக்கொண்டே, நடுநடுவே கையைத் தூக்கித் தூக்கி.

முடியைக் கையில் சுற்றிச் சுவரில் அடிப்பது. தலையணையை முகத்தில் வைத்து அதன் மேல் உட்காருவது. வயிற்றில் முழங்கால். அடிபட்ட இடம் வெளியே தெரியாதபடி அவன் பார்த்துக்கொள்வது. சேலை மறைக்கிற இடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள், கடைக்காரன் சரக்கு காட்டுவது போல.

நிமிர்ந்து பார்த்தால் மொத்தப் பட்டறையும் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ருக்குமணி அழுதாள். கோமதி தையல் போட்ட வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தறிகள் ஓடிக்கொண்டே இருந்தன. சாயந்தரம் வாசலில் செருப்பு மாட்டும்போது ஒருத்தியும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. "நாளைக்குக் கரண்ட் கட்டாமா" என்று ருக்குமணி கேட்டாள்.

எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. என் பிள்ளை பேர் கெடாது என்ற நிம்மதி. எழுதியதை அடிக்கலாமா என்று பார்த்தேன், அடிக்கவில்லை.

பிப்ரவரி 3

அவரைக்காய் வாங்கி வந்திருந்தேன். பிஞ்சுக் காய்.

லோகு வந்தான். வண்டி நேராக நின்றது. முகம் கழுவினான். வாட்சில் கை வைத்தான். நான் என் மணிக்கட்டைத் தொட்டேன். தாரணி குடத்தை எடுத்தாள். அவன் வாட்சைக் கழற்றவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அது ஒரு சோதனை. நான் அதில் விழுந்துவிட்டேன்.

"என்னம்மா ஜாடெ அது?" என்றான். பொறுமையாக, நான் உதட்டில் படிக்கும்படி, ஒவ்வொரு சொல்லாக.

"ஜாடெயும் இல்ல ஒன்னும் இல்ல. கொசு" என்றேன்.

அவன் தாரணியின் கையிலிருந்து குடத்தை வாங்கி மெதுவாகக் கீழே வைத்தான். வாட்சைக் கழற்றினான். அவள் வலது கையைப் பிடித்துப் பீரோவின் பக்கம் கூட்டிப் போனான். கதவைத் திறந்து, விரல்களைக் கதவு இடுக்கில் ஒழுங்காக அடுக்கினான். "கையிலதான பேசறீங்க ரெண்டு பேரும். பேசு, பாக்கலாம்" என்றான். இரும்புக் கதவை ஓங்கி உதைத்தான். திறந்தான். மறுபடி உதைத்தான். பீரோ ஆடவில்லை. அவள் வாய் முழுதாகத் திறந்திருந்தது.

பக்கத்தில் பட்டறை ஓடிக்கொண்டிருந்தது. சாயந்தர ஷிப்ட்.

நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நறுக்கி முடித்தேன். நார் கூட எடுத்தேன்.

பிப்ரவரி 4

ஆஸ்பத்திரியில் "எப்படி ஆச்சு" என்று நர்ஸ் கேட்டார். "நாடா பறந்து அடிச்சுதுங்க" என்றேன். வாய் தயாராக வைத்திருந்தது. மூன்று விரல் எலும்பு நொறுங்கிவிட்டது. நடுவிரலை இனி மடக்க முடியாதாம்.

தாரணி என்னைப் பார்க்கவில்லை. ஜாடை காட்டியது என் கை. உடைந்தது அவள் கை.

பிப்ரவரி 6

முதலாளி அய்யாவு வீட்டுக்கே வந்துவிட்டார். "என்ற பட்டறைல எப்பம்மா நாடா அடிச்சுது? யாரும் பாக்கலீங்கறாங்க. ஆஸ்பத்திரில அப்படி எழுதிக் குடுத்தா நாளைக்கு எனக்கில்ல கேசு வரும்?" என்றார். லோகு அவருக்குச் சேர் போட்டு, "அம்மாவுக்கு வயசாச்சுங்க, பதட்டத்துல ஒளறிட்டாங்க. புள்ள வழுக்கி விழுந்துட்டா" என்று சமாதானம் சொல்லி அனுப்பினான். கேட் வரை போய் வழியனுப்பினான்.

பிப்ரவரி 8

தாரணி வீட்டில். நான் பட்டறையில். என் தறி ஜன்னலோரம், சந்துக்கு அந்தப் பக்கம் எங்கள் அடுப்படி ஜன்னல். அவள் இடது கையால் பாத்திரம் தேய்ப்பது தெரிகிறது. டீயா என்று நெஞ்சில் கை வைத்துக் கேட்டேன். பார்த்தாள். திரும்பிக்கொண்டாள்.

பிப்ரவரி 10

இடது கையாலேயே அண்ணனுக்குப் போன் போட்டிருக்கிறாள். அவன் எடுக்கவில்லையாம், வீட்டில் வேறு யாரோ எடுத்து அவனிடம் சொல்கிறோம் என்றார்களாம். ருக்குமணிதான் போன் கொடுத்தது. எனக்கு ஜாடையில் சொல்லிவிட்டு, யாருக்கும் சொல்லாதே என்று வேறு காட்டினாள். நான் யாரிடம் சொல்லப் போகிறேன்.

பிப்ரவரி 12

எழுதிவிட வேண்டும்.

மத்தியானம். மோகன்ராசு திருப்பிக் கூப்பிட்டிருக்கிறான், ருக்குமணி நம்பருக்கு இல்லை, நேராக லோகுவுக்கு. "தங்கச்சி கூப்புட்டாளாமே மாப்ளெ, என்ன விஷயம்?" என்று. நல்ல அண்ணன். லோகு வேனைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறான். இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது ஜன்னல் மட்டும்தான்.

நூல் தீர்ந்த தார்க்குச்சியை மாற்றிவிட்டு நிமிர்ந்தேன். அடுப்படியில் லோகு நின்றான். அவன் மணிக்கட்டில் வாட்ச் இருக்கிற இடம் வெளுப்பாக, வெறுமையாக இருந்தது. தாரணியின் முடி அவன் கையில். அடுப்பில் தோசைக்கல்லில் புகை வந்துகொண்டிருந்தது. அவளுடைய நல்ல கையை, இடது கையைக் கல்லை நோக்கி இழுத்தான். அவள் ஒரு தடவை உதறி விடுவித்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, அந்தக் கையை விரித்து மேலே தூக்கினாள்.

என்னைப் பார்த்துத் தூக்கினாளா, வெறுமனே பட்டறையைப் பார்த்துத் தூக்கினாளா, தெரியாது. விரித்த கையைப் பார்த்தவள் தறியை நிறுத்த வேண்டும். என் கை தன்னால் போய் நிறுத்தியது. இன்னொரு கை மேலே போனது. யோசிக்க நேரம் இருந்திருந்தால் செய்திருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை. என் கையைப் பார்த்து ருக்குமணி நிறுத்தினாள். அவளைப் பார்த்துக் கோமதி. உள்ளங்காலில் தரையின் அதிர்வு குறைந்து குறைந்து, நின்றுபோனது.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மற்றவர்களுக்குக் கேட்டது. ஒவ்வொரு முகமாக ஜன்னல் பக்கம் திரும்புவதைப் பார்த்தேன். கோமதி காதைப் பொத்தினாள்.

நாடாவை அடித்துத் தள்ளும் மரக்குச்சி ஒன்று, பழையது, கழற்றித் தறிமேல் சாத்தியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு சந்தைத் தாண்டினேன். பின்கதவு வழியாகப் போனால் கரிந்த தோல் நாற்றம். அவள் கை கல்லின் மேல் இருந்தது. அவன் அதை அழுத்திப் பிடித்திருந்தான். முகத்தில் கோபமே இல்லை. கணக்குப் போடுகிற பையன் முகம்.

முதல் அடி அவன் முழங்கையில். கையை விட்டுவிட்டான். அது போதும். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவன் திரும்பி, "ஏம்மா" என்றான். உதட்டில் தெரிந்தது. அந்த வாயிலேயே இரண்டாவது அடி. தாடை ஒரு பக்கமாகப் போய்விட்டது. விழுந்தான். விழுந்தவனை இன்னொன்று அடித்தேன், தோளில். இன்னொன்று. எங்கெல்லாம் என்று தெரியவில்லை. நான் பெற்ற பிள்ளை. பெற்றவள் அடிப்பதற்கும் மற்றவர் அடிப்பதற்கும் கட்டைக்கு வித்தியாசம் தெரியாது. ருக்குமணி பின்னாலிருந்து கட்டிப் பிடித்தபோதுதான் நின்றேன்.

பட்டறையே வாசலில் நின்றது. தாரணி கையைத் தண்ணீர்க் குடத்துக்குள் விட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

பிப்ரவரி 13

ஆஸ்பத்திரி வராந்தா. எஸ்.ஐ. அம்மா வந்தார். முதலாளி சொல்லி அனுப்பியிருக்கிறார், பழி பட்டறை மேல் வரக் கூடாது என்று.

எஸ்.ஐ. அம்மா எங்கள் பொம்பளைகளை வரிசையாக நிறுத்திக் கேட்டார். ருக்குமணி, "தெரியாதுங்க. நாங்க போறப்ப விழுந்து கெடந்தாரு" என்றாள். அடுத்தவளும் அதே. அதற்கடுத்தவளும் அதே. கோமதி "வழுக்கிருச்சுங்க போல" என்று கூடச் சேர்த்தாள். பேசி வைத்துக்கொள்ளவே இல்லை. பட்டறைக்குள் கையால் சொன்னதை வாயால் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். என்னைக் காப்பாற்றுகிறார்கள். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் அடிக்கவில்லை என்றால் அவனும் அடிக்கவில்லை. அவன் தாடை வழுக்கியது, அவள் விரல் நாடா, அவள் உள்ளங்கை தவறிப்போய்க் கல்லில் பட்டது. தாடை கட்டியதும் அவன் வீட்டுக்கு வருவான். அவளும் அதே வீட்டுக்கு வர வேண்டும். எல்லோரும் நல்லவர்களாக இருந்து அவளைக் கொன்றுவிடுவோம்.

எஸ்.ஐ. அம்மா தாரணியிடம் குனிந்து கேட்டார். இரண்டு கையிலும் கட்டு. அவள் என்னைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் எப்போதும் நான்தானே சொல்வேன்.

அறைக்குள் கட்டிலில் லோகு. தாடையில் கம்பி போட்டு முகத்தைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். கண் மட்டும் வெளியே. அந்தக் கண்ணும் என்னைப் பார்த்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் எவனையாவது அடித்துவிட்டு வந்து, வாத்தியார் வாசலுக்கு வரும்போது என்னைப் பார்ப்பான், அதே பார்வை. விழுந்துட்டேன்னு சொல்லும்மா. அப்போதெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

எஸ்.ஐ. அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ருக்குமணி உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். வேண்டாம், வேண்டாம் என்று கையை ஆட்டினாள். வரிசையே ஆட்டியது.

"நாந்தானுங்க அடிச்சேன்" என்றேன்.

என் சத்தம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. வராந்தா முழுக்க ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். கட்டில்களிலிருந்து எழுந்து உட்கார்ந்தார்கள். குறைக்கச் சொல்லி எஸ்.ஐ. அம்மா கையைத் தாழ்த்திக் காட்டினார். எனக்குக் குறைக்கத் தெரியவில்லை.

"என்ற மகன் இவ வெரல பீரோக் கதவுல வெச்சு ஒடச்சான். நான் பக்கத்துல உக்காந்து காய் நறுக்கிட்டு இருந்தேன். ஆஸ்பத்திரில நாடான்னு பொய் சொன்னேன். நேத்து இவ கையக் கல்லுல வெச்சுச் சுட்டான். நான் தறிக்குச்சில அவன அடிச்சேன். தாடைய ஒடச்சது நானு. இவிய எல்லாம் பாத்தாங்க. எல்லாத்துக்கும் தெரியும். மொதல்ல இருந்தே தெரியும்."

கடைசியில் சொன்னதுதான் அவர்களுக்குத் தாங்கவில்லை. பொம்பளைகள் ஒவ்வொருத்தியாகக் கையைக் கட்டிக்கொண்டார்கள். லோகு கண்ணை மூடிக்கொண்டான். எஸ்.ஐ. அம்மா தாரணியிடம் மறுபடி குனிந்தார். இந்தத் தடவை அவள் உதடு அசைந்தது. நிற்காமல், ரொம்ப நேரம் அசைந்தது.

பிப்ரவரி 15

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். கூப்பிடும்போதெல்லாம் போக வேண்டும். என் மேல் ஒரு கேஸ், அவன் மேல் ஒரு கேஸ். அவன் கட்டில் பக்கத்தில் போலீஸ் உட்கார்ந்திருக்கிறது. கஞ்சி கொண்டு போனேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். வைத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 17

பட்டறையில் யாரும் என்னோடு ஜாடை பேசவில்லை. என் தறியில் இழை அறுந்து ஓடியது. ஒருத்தியும் காட்டவில்லை. ஒரு முழம் துணி வீண்.

பிப்ரவரி 18

இன்றும் அதே. சாப்பாட்டு நேரத்தில் ருக்குமணி மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊறுகாய் வைத்தாள்.

பிப்ரவரி 21

மோகன்ராசு ஆட்டோவோடு வந்தான். தங்கச்சியின் இரண்டு கையையும் பார்த்துவிட்டு வாசல் படியில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அவள் அவனைத் தேற்றவில்லை. நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். துணிப் பெட்டியை நானும் ருக்குமணியும் தூக்கி வைத்தோம். சீர்ச் சேலையை மடிப்புக் கலையாமல் மேலாக வைத்தேன்.

அவள் ஏறி உட்கார்ந்ததும் நான் எதிரே போய் நின்றேன். கையைத் தூக்கினேன். தூக்கிய கைக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. இழைக்கு ஜாடை இருக்கிறது, டீக்கு இருக்கிறது, முதலாளி மீசைக்கு இருக்கிறது. மன்னிப்புக்கு எங்கள் பட்டறையில் ஜாடை கிடையாது. இத்தனை வருஷத்தில் எவளும் கேட்டதில்லை போலிருக்கிறது.

வாயால்தான் சொன்னேன். "நான் தப்புப் பண்ணிட்டேன் அம்முணி. அன்னிக்கே எந்திரிச்சிருக்கோணும். என்னைய மன்னிச்சிரு." தெரு முழுக்கக் கேட்டிருக்கும். லைன் வீடுகளில் கதவுகள் திறந்தன.

அவள் முகத்தில் எனக்கு ஒன்றும் படிக்கத் தெரியவில்லை. இத்தனை நாள் அந்த முகத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். ஆட்டோ கிளம்பியது. சந்து முனையில் திரும்பும்போது அவள் தலையை வெளியே நீட்டி எங்களைப் பார்த்து ஏதோ சொன்னாள். நாலைந்து சொல் இருக்கும். பக்கவாட்டில் கன்னம் அசைந்தது மட்டும் தெரிந்தது, உதடு தெரியவில்லை.

ருக்குமணியைத் தொட்டு, என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் காதைத் தொட்டு, ஆட்டோ போன பக்கம் காட்டி, சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று தலையை ஆட்டினாள்.

ருக்குமணி பட்டறைக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும்.